பெருக்கல் குறியை எடுத்த கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி ப்ராஜெக்டுக்காக ஒரு தேர்வு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். பைத்தான் மொழியில், டிகின்டர் என்கிற தொகுப்பை வைத்து. கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும், மாணவர்கள் விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழகாகச் செய்திருந்தாள்.

"மூடுற பொத்தான் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"எடுத்துட்டேன் பெரியப்பா. திரை முழுக்க இதுதான் இருக்கும். சின்னதாக்க முடியாது, நகர்த்த முடியாது. பரீட்சை முடியற வரைக்கும் யாரும் வெளிய போக முடியாது" என்றாள் பெருமையாக.

எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. இதே பெருமையோடு இதே காரியத்தை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். அந்தக் கதையை அன்று அவளிடம் சொன்னேன். இங்கேயும் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

இருபது வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். ஊர்க்காரர் ஒருவர், தான் வேலை பார்த்த அலுவலகத்தில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். விண்டோஸ் 98. பிள்ளைகளுக்குத் திருவிழா வந்த மாதிரி இருந்தது. தலைமையாசிரியர் என்னைப் பார்த்து, "சார், நீங்கதான் ஏதாவது பண்ணணும்" என்றார்.

கோடை விடுமுறையில் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து விஷுவல் பேசிக் 6 படித்தேன். என் வகுப்பில் எல்லோரும் என் மாணவர்கள் வயது. வெட்கப்படவில்லை. வீட்டுக்கும் பி.எஃப். கடன் போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன்.

அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. நாம் செய்யப்போகும் ஜன்னலை 'ஃபார்ம்' என்பார்கள். அந்த ஃபார்ம் எப்படித் தெரிய வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையெல்லாம் பக்கத்தில் ஒரு பட்டியலில் வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். நிரல் ஒரு வரிகூட எழுத வேண்டாம். தேர்ந்தெடுத்தால் போதும். 'பார்டர் ஸ்டைல்' என்றால் ஜன்னலின் சட்டம். அதில் 0 முதல் 5 வரை ஆறு வகை. 0 என்றால் சட்டமே கிடையாது. 2 என்றால் இழுத்துப் பெரிதாக்கலாம். 'கன்ட்ரோல் பாக்ஸ்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் மூலையில் இருக்கும் பொத்தான்கள் போய்விடும். 'விண்டோ ஸ்டேட்' 2 என்றால் திறக்கும்போதே முழுத்திரை. 'மூவபிள்' ஃபால்ஸ் என்றால் நகராது.

இரண்டு மாதத்தில் 'வாய்ப்பாடு' என்று ஒரு மென்பொருள் செய்துவிட்டேன். முதல் ஜன்னலில் பெயர் கேட்கும். அடுத்த ஜன்னலில் இருபது பெருக்கல் கணக்குகள் ஒவ்வொன்றாக வரும். விடையைத் தட்டி 'சரி' என்ற பொத்தானை அழுத்தினால் அடுத்த கணக்கு.

முதல் சிக்கல் தமிழில் வந்தது. அப்போது யூனிகோடு எங்கள் பக்கம் வரவில்லை, விஷுவல் பேசிக்கின் பொத்தான்களுக்கும் பெட்டிகளுக்கும் அது தெரியவும் தெரியாது. பாமினி எழுத்துருவில்தான் வேலை. ஃபார்முக்கு உள்ளே எழுத்துருவை மாற்றினால் தமிழ் நன்றாகத் தெரியும். மேலே தலைப்புப் பட்டையில் மட்டும் விண்டோஸ் தன்னுடைய எழுத்துருவைத்தான் போடும். 'வாய்ப்பாடு' என்று நான் தட்டியது அங்கே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கந்தரகோலமாகத் தெரிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பட்டையே வேண்டாம் என்று பார்டர் ஸ்டைலை 0 ஆக்கினேன். அதோடு மூலையில் இருந்த மூடும் பொத்தானும் போய்விட்டது.

போனது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஏனென்றால் அதற்குள் பிள்ளைகள் அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பெருக்கல் குறி'. "டேய், பெருக்கல் குறிய அமுக்குடா, சீட்டு விளையாடலாம்!" நான் திரும்பினால் வாய்ப்பாடு மூடியிருக்கும், சாலிடேர் திறந்திருக்கும்.

பெருக்கல் குறி போனதும் ஒரு பையன் ஆல்ட்டையும் எஃப்4-ஐயும் சேர்த்து அழுத்தினால் மூடிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தான். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. நானும் விடவில்லை. ஜன்னல் மூடப்போகும் நொடியில் 'கொயரி அன்லோடு' என்று ஒரு நிகழ்வு வரும். அதில் 'கேன்சல்' என்பதை 'ட்ரூ' என்று ஒரு வரி எழுதினால், அப்படி அழுத்தினாலும் ஜன்னல் மூடாது. எழுதினேன். விண்டோஸ் சாவியை அழுத்தினால் ஸ்டார்ட் மெனு எட்டிப் பார்த்தது. அந்தச் சாவியை ஸ்குரு டிரைவரால் நெம்பிக் கீபோர்டிலிருந்தே எடுத்துவிட்டேன்.

இருபது கணக்கும் முடித்தால்தான் வெளியே வரலாம். தலைமையாசிரியர் தட்டிக்கொடுத்தார். சில மாதங்கள் நன்றாகவே ஓடியது.

ஒருநாள் மானிட்டர் பழுதாகிவிட்டது. மெக்கானிக் வேறொரு பழைய மானிட்டரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் பதினொன்றரை மணி இருக்கும். நான் சம்பளப் பட்டியல் விஷயமாக டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அன்றைக்கு அவள் முறை. பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் இருந்த அறையில் அவளை உட்காரவைத்து, நானே அவள் பெயரைத் தட்டிக்கொடுத்து, ஏழாம் வாய்ப்பாட்டைத் திறந்துவிட்டேன். "இருபதும் முடிச்சாத்தான் எந்திரிக்கணும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். திரையில் கேள்வி வந்ததைப் பார்த்தேன். பொத்தான் வந்ததா என்று பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது மணி இரண்டு. அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரையில் அதே முதல் கணக்கு. 7 × 8. கீழே பெட்டியில் 56 என்று தட்டியிருந்தது.

நான் அதைக்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை. முதல் கணக்கிலேயே நிற்கிறாளே என்ற எரிச்சல். "ரெண்டரை மணி நேரமா ஒரு கணக்கா? ஏழாம் வாய்ப்பாடு கூடத் தெரியலையா?" என்று சத்தம் போட்டேன்.

அவள் எழுந்து நின்றாள். அழவில்லை. "சார், ஏழெட்டு அம்பத்தாறுதானே சார்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். 'சரி' பொத்தான் இல்லை.

விஷயம் இதுதான். என் வீட்டுத் திரை 800 × 600 அளவு. அதில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் வரைந்தேன். விஷுவல் பேசிக் 'ட்விப்' என்ற அளவில் கணக்கு வைக்கும்; ஓர் அங்குலத்துக்கு 1440 ட்விப். எங்கள் கம்ப்யூட்டர்களில் ஒரு புள்ளிக்கு 15 ட்விப் வரும். என் பொத்தானை மேலிருந்து 7800 ட்விப்பில் வைத்திருந்தேன். அதாவது 520ஆவது புள்ளி. மெக்கானிக் மாட்டிய மானிட்டர் 640 × 480-இல் ஓடியது. திரையே 480-இல் முடிந்துவிடுகிறது. ஜன்னல் திரைக்குத் தக்கபடி தானே சுருங்கிக்கொண்டது. உள்ளே இருக்கும் பொத்தான் தன் இடத்தை விட்டு நகராது. நாம் எழுதினால்தான் நகரும். 'டீஃபால்ட்' என்று பொத்தானுக்கு ஓர் அமைப்பு உண்டு. அதை 'ட்ரூ' ஆக்கியிருந்தால் என்டர் தட்டினாலே போதும். அதையும் செய்யவில்லை.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்திருக்கிறது. தோழி வந்து கூப்பிட்டிருக்கிறாள். "முடிச்சாத்தான் எந்திரிக்கணும்னு சார் சொன்னாரு" என்று இவள் போகவில்லை. தலைமையாசிரியர் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அன்று முட்டை போடும் நாள். நான் போய்க் கேட்டபோது சத்துணவு ஆயா பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

அந்தப் பிள்ளை வீட்டில் காலையில் அடுப்பு எரிவது சில நாட்களில்தான். எனக்கு அது தெரியும். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரிவாக்கிக் கொண்டுவந்தது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் என்று கூட்டங்களில் பேசியவன் நான். கடையிலிருந்து பன்னும் டீயும் வாங்கி வந்து கொடுத்தேன். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். "சாரிம்மா" என்றேன். அவளுக்கு அது எதற்கென்றே புரியவில்லை.

குறும்புக்காரப் பையனாக இருந்திருந்தால் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சாப்பிட ஓடியிருப்பான். குறும்புக்காரர்களுக்காக நான் போட்ட பூட்டில், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாட்டிக்கொண்டது.

அன்று இரவே உட்கார்ந்து மாற்றினேன். பார்டர் ஸ்டைலை 1 ஆக்கிப் பட்டையையும் பெருக்கல் குறியையும் திரும்பக் கொண்டுவந்தேன். தலைப்பில் எழுத்தை எடுத்துவிட்டு வெறும் எண்களைப் போட்டேன். எண்கள் எந்த எழுத்துருவிலும் எண்கள்தான். திரையின் அளவைக் கேட்டு, அதற்குத் தக்கபடி பொத்தானை வைக்கும்படி 'ரீசைஸ்' நிகழ்வில் நான்கு வரி எழுதினேன். என்டருக்கு 'சரி', எஸ்கேப்புக்கு 'போதும்'. மூட வந்தால் தடுக்காமல், "போதுமா? இன்னும் இத்தனை கணக்கு இருக்கிறது" என்று கேட்கும் ஒரு சின்ன ஜன்னல். மெசேஜ் பாக்ஸிலும் தமிழ் வராது என்பதால் அதற்கும் தனி ஃபார்ம் போட வேண்டியிருந்தது. கடைசியாக ஒரு டைமர். நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்க்கும். பன்னிரண்டு இருபத்தைந்து ஆனால் மென்பொருள் தானாக மூடிக்கொள்ளும்.

அதன்பிறகு பிள்ளைகள் எல்லோரும் ஒழுங்காகக் கணக்கு போட்டார்கள் என்று சொன்னால் பொய். சிலர் மூடிவிட்டுச் சீட்டு விளையாடினார்கள். நான்தான் அடிக்கடி எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அது என் வேலைதானே, அதை ஜன்னல் தலையில் கட்டிவிட்டு பஸ் ஏறியவன் நான். அந்தப் பெண் ரொம்ப நாள் கம்ப்யூட்டர் பக்கம் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

விஷுவல் பேசிக்கின் தந்தை என்று ஆலன் கூப்பரைச் சொல்வார்கள். அவரே பின்னாளில், மென்பொருள் செய்கிறவர்கள் பெயரும் முகமும் உள்ள ஒரு பயனாளரைக் கற்பனை செய்துகொண்டு, அவருக்காக வடிவமைக்க வேண்டும் என்று எழுதினார். ரொம்பப் பிந்தித்தான் அதைத் தெரிந்துகொண்டேன். நான் கற்பனை செய்ததெல்லாம் சீட்டு விளையாடும் பையனைத்தான்.

தம்பி மகள் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனா பெரியப்பா, பரீட்சைன்னா பூட்டித்தானே ஆகணும்? வெளிய விட்டா கூகுள்ல தேடுவாங்களே" என்றாள். நியாயமான கேள்விதான். "பூட்டு வேணாம்னு சொல்லலம்மா. பரீட்சை ஹால்ல கூட கை தூக்கினா சூப்பர்வைசர் வருவாரு இல்ல? அந்தக் கையை எங்க வெச்சிருக்க?" என்று கேட்டேன். அப்புறம், "உன் ஃபிரண்டு லேப்டாப்ல இதைப் போட்டுப் பார்த்தியா?" என்றும் கேட்டேன்.

நேற்று இரவு போன் செய்தாள். தோழியின் பழைய மடிக்கணினியில், 1366 × 768 திரையில், 'அடுத்த கேள்வி' பொத்தான் பாதிதான் தெரிந்ததாம். இப்போது சரிசெய்துவிட்டாளாம். 'கண்காணிப்பாளரை அழை' என்று மூலையில் ஒரு பொத்தானும் வைத்திருக்கிறாளாம்.

என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இன்று மென்பொருள் துறையில் இருக்கிறீர்கள். இந்தப் பதிவையும் படிப்பீர்கள். ஜன்னலில் எதையாவது எடுக்கும்போதும் பூட்டும்போதும், உங்களுடையதை விடச் சின்னத் திரையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதன் முன்னால் சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். அதற்குச் சாப்பாட்டு நேரமாகியிருக்கலாம்.