கையெழுத்து இல்லாதவர்கள்

12 ஜனவரி 2025, ஞாயிறு

காலையில் சங்கக் கூட்டம். தண்ணீர்த் தொட்டி ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பில்டர் தரப்பில் வந்த இருவர் லேப்டாப்பில் படம் காட்டினார்கள். கொரட்டூரில் நாங்கள் இருக்கும் இந்த ஹவுசிங் போர்டு ஃபிளாட்டுகளை இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்த இடம், மேலே ஐந்து மாடி. இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிய வீடு, லிஃப்ட், ஜெனரேட்டர். கட்டி முடிக்கும்வரை வீட்டுக்காரர்களுக்கு மாத வாடகை அவர்களே தருவார்கள். நமக்குக் கொடுத்தது போக மீதி வீடுகளை விற்று அவர்கள் லாபம் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கு இப்போது கட்டுபடியாவதற்குக் காரணம் உண்டு. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், சாதாரணக் கட்டடங்களுக்கான எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற அளவை, 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், முன்பு 3,600 சதுர அடி கட்டலாம் என்றால் இப்போது 4,800 கட்டலாம். கூடுதலாகக் கிடைக்கும் அந்த 1,200 சதுர அடியை நம்பித்தான் பில்டர்கள் பழைய காலனிகளைத் தேடி வருகிறார்கள். இன்னொன்று, தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2022. அது 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. முன்பெல்லாம் ஒரே ஒரு வீட்டுக்காரர் முரண்டு பிடித்தால் எல்லாம் நின்றுவிடும். இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, பார்க்கிங், கார்பஸ் நிதி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் நாற்காலியில் இருந்தவர்களில் பலர் இங்கே குடியிருக்கிறவர்கள் இல்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு எப்போதோ போய்விட்டவர்கள். தினமும் இங்கேயே புழங்குகிறவர்கள் பால்கனியிலும் மாடிப்படியிலும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

13 ஜனவரி, போகி

பரணைக் காலி செய்தோம். அப்பாவின் தகரப்பெட்டியில் ஹவுசிங் போர்டு ஒதுக்கீட்டு ஆணையும் தவணை கட்டிய ரசீதுகளும் நூலில் கோத்தபடியே இருந்தன. குலுக்கலில் வீடு விழுந்த அன்று, டி.ஐ. சைக்கிளில் தன்னோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் அப்பா கேசரி வாங்கிக் கொடுத்தாராம். அம்மா இன்றைக்கும் சொன்னாள்.

இந்தப் பக்கத்தை ஊராக்கியவை கம்பெனிகள். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள், 1959-இல் டன்லப், 1961-இல் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், 1964-இல் அரசு அமைத்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. அந்தப் பக்கம் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது 1965-இல். வேலைக்கு வந்தவர்கள் முதலில் கொரட்டூர், பாடி, மண்ணூர்பேட்டை வீடுகளில் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள். அதன் பிறகுதான் ஹவுசிங் போர்டு. இடம் போதாமல் முகப்பேரில் ஏரிக்குள்ளேயே மனை பிரித்தார்கள். அந்தப் பகுதி இன்றும் ஏரி ஸ்கீம்தான்.

திருவள்ளூர் சாலையில் பஸ் நடத்துநர் விசில் கொடுத்துச் சொல்லும் நிறுத்தங்களைக் கேட்டாலே இந்த ஊரின் சரித்திரம் தெரிந்துவிடும்: லூகாஸ், பிரிட்டானியா, டன்லப். டன்லப் ஆலை ஓய்ந்து வருஷங்களாகிவிட்டன. ஆனாலும் நேற்று ஒரு கல்லூரிப் பையன் சர்வ சாதாரணமாக "டன்லப் ஒண்ணு" என்று டிக்கெட் எடுத்தான்.

ரசீதுகளை எரிக்கவில்லை. தகரப்பெட்டியோடு திரும்பப் பரணிலேயே வைத்துவிட்டேன்.

26 ஜனவரி, ஞாயிறு

நேற்று இரவு 'சி' பிளாக் மாடிப்படியில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தேன். உள்ளே இருந்த கம்பி துருவேறி, தொட்டால் உதிர்கிற நிலையில் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு முன்தான் அந்தப் படியில் குழந்தைகள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தார்களாம்.

அதனால் எழுதி வைக்கிறேன்: இந்தக் கட்டடத்தை இடித்துக் கட்டத்தான் வேண்டும். நினைவுக்காகப் பழைய சுவரை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறவன் நான் இல்லை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு சரிந்தபோது 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கத்திக் கூப்பிட்டு எல்லோரையும் வெளியேற்றியதால்தான் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த வாரியம் அதே ஆண்டில்தான் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருந்தது. மறுகட்டுமானக் காலத்தில் வெளியே தங்கும் குடும்பங்களுக்கான கருணைத்தொகையையும் 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்த்தினார்கள். ஒன்றரை ஆண்டு வாடகைக்கு அது எந்த மூலைக்கு என்பது வேறு விஷயம். ஆனால் குடியிருக்கிறவனுக்கு ஏதாவது தர வேண்டும் என்கிற எண்ணமாவது அங்கே இருக்கிறது. தனியார் பில்டர் வரும் இடத்தில் பேச்சு முழுக்க உரிமையாளரோடு முடிந்துவிடுகிறது.

2 பிப்ரவரி, ஞாயிறு

இஸ்திரி அண்ணனிடம் துணி கொடுக்கப் போனவன் வெகுநேரம் நின்றுவிட்டேன். இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே, புங்க மரத்தடியில் அவருடைய தள்ளுவண்டி. நான் பள்ளிக்கூடம் போன நாளிலேயே அங்கே நின்றது. தொட்டாங்குச்சிக் கரியைப் போட்டு விசிறி, தண்ணீரை விரல்நுனியால் தெளித்து, கனமான பெட்டியைக் காலரிலிருந்து ஓட்டத் தொடங்குவார். துணியில் அடையாளம் எதுவும் போட மாட்டார். எந்தச் சட்டை எந்த வீடு என்பது அவருக்குத் தெரியும். சட்டைக்காரர் வேலை மாறியதும், வயிறு போட்டதும், வேலையை விட்டதும்கூடத் தெரியும்.

வேலைக்குப் போகிற பெண்கள் வீட்டுச் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சிலிண்டர் வந்தால் புத்தகம் அவரிடம். பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கும் பிள்ளைகள் அம்மா வரும்வரை அவருடைய ஸ்டூலில்தான் உட்காரும்.

2015 டிசம்பரில் அம்பத்தூர் ஏரி நிரம்பி, உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கு வந்து, அதுவும் தாங்காமல் தெருவுக்குள் புகுந்தபோது, இங்கே கீழ் வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. மொட்டைமாடியில் கூடியிருந்தவர்களில் யார் இல்லை என்று விரல்விட்டுச் சொன்னவர் இஸ்திரி அண்ணன்தான். "ஏ பிளாக் கீழ் வீட்டுத் தாத்தா மேல வரல. அவருக்குக் காது கேக்காது, கதவ ஒடைங்க" என்றார். உடைத்தார்கள். கட்டில்மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார் தாத்தா. சங்கத்துப் பதிவேட்டில் அந்த வீட்டுக்கு எதிரே இருந்தது அமெரிக்காவிலிருக்கும் மகனின் பெயர் மட்டும்தான்.

"படத்துல நம்ம மரம் இருக்கா தம்பி?" என்று இன்றைக்குக் கேட்டார். மரமும் இல்லை, வண்டி நிற்க இடமும் இல்லை. அந்த மூலையில் டிரான்ஸ்ஃபார்மர் வருகிறது. சொன்னேன். பெட்டியை அதன் தட்டில் வைத்துவிட்டு, "சரி, பாப்போம்" என்றார். நான் கொடுத்த துணியைச் சாயங்காலம் வழக்கம்போல் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

9 பிப்ரவரி, ஞாயிறு

கீழ் வீட்டு அத்தையைப் பார்த்தேன். தையல் மிஷின் வைத்திருக்கிறார். இந்தக் காலனிப் பெண்களின் ஜாக்கெட் அளவெல்லாம் ஒரு நோட்டில். என் அக்காவின் கல்யாண அளவுகூட அதில் இருக்கிறது. வாடகைக்கு வந்தபோது அவருடைய மகனுக்கு நடக்கத் தெரியாது. அந்த மகன் இன்று தொழிற்பேட்டையில் சிஎன்சி மிஷின் ஓட்டுகிறான்.

வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேட்டேன். "ஹவுஸ் ஓனரம்மா நல்லவங்க, வாய்ப்பேச்சுதான்" என்றார். இதுதான் பயமாக இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தை எடுத்துவிட்டு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2019 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்தினார்கள். அதன்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வாய்ப்பேச்சில் வாழ்கிறவர் அந்தச் சட்டத்தைக் காட்டி எதையும் கேட்பது கடினம். பில்டர் தரும் மாத வாடகை உரிமையாளருக்குப் போகும். அத்தைக்குக் கிடைக்கப்போவது "அடுத்த மாதம் காலி பண்ணிடுங்க" என்கிற ஒரு போன்.

போரூர், பூந்தமல்லி பக்கம் வீடு பார்க்கலாமா என்று அத்தை கேட்டார். அங்கே மெட்ரோ வருகிறது என்று வாடகை ஏற்கெனவே எகிறியிருக்கிறது. வாடகை கொடுத்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்களை எங்கே போய்த் தேடுவார்?

22 பிப்ரவரி, சனி

கோயம்பேட்டிலிருந்து பாடி, அம்பத்தூர், ஆவடி வழியாகப் பட்டாபிராம்வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டர் மெட்ரோவுக்கான திட்ட அறிக்கையை அரசிடம் கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் போன நவம்பரில்தான் திறந்தது. தயங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர்களும் இன்றைக்கு வாட்ஸ்அப்பில் 'சம்மதம்' போட்டிருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனிடம் இரவு பேசினேன். அங்கே வீடமைப்புக் கழகம் 1995 முதல் சில பழைய பிளாக்குகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே கட்டிய புது வீடுகளை அதே குடும்பங்களுக்குத் தருகிறது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து மனுப்போட்டு, அருகருகே வீடு எடுத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். அது அரசாங்கம் செய்வது, அங்கேயும் வாடகைக்காரருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்றும் அவன் சொன்னான். இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் என்பவர் கணக்கில் சேர்க்க வேண்டிய ஒருவர் என்று ஓர் அரசாங்க விதிக்குத் தோன்றியிருக்கிறதே. நம் ஒப்பந்த நகலில் டைல்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கிறது, குழாய் எந்த பிராண்டு என்று இருக்கிறது. பக்கத்து வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

2 மார்ச், ஞாயிறு

கூட்டத்தில் எழுந்து பேசினேன். வாடகைக்கு இருப்பவர்களுக்கு எழுத்தில் ஆறு மாத நோட்டீஸும், பில்டர் தரும் வாடகைத் தொகையில் முதல் மூன்று மாதப் பணமும் தர வேண்டும். புது வரைபடத்தில் கேட்டுக்கு உள்ளே இஸ்திரி வண்டிக்குக் கூரையோடு ஒரு மூலை ஒதுக்க வேண்டும். பழைய அண்டை வீட்டுக்காரர்கள் விரும்பினால் புது மாடியிலும் அருகருகே வீடு தர வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன்.

ஒருவர், "நம்ம சொத்துல அவங்களுக்கு எதுக்கு சார் பாகம்?" என்றார். பாகம் கேட்கவில்லை, நம் வீட்டுச் சாவியை இத்தனை வருஷம் வைத்திருந்தவருக்கு நிற்க இடம் கேட்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு முதலில் ஆதரித்துப் பேசியது, அந்தத் தாத்தாவின் மகன். அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் இருந்தார். நோட்டீஸை ஒப்புக்கொண்டார்கள். அண்டை வீடு பற்றியது "முடிந்தவரை" என்ற சொல்லோடு ஒப்பந்தத்தில் ஏறுகிறது. மூன்று மாதப் பணத்தை அந்தந்த வீட்டுக்காரர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். எனக்கு இதில் நிறைவில்லை. வண்டிக்கு டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைத்து ஆறுக்கு எட்டடி இடம் குறித்திருக்கிறார்கள். மரம் போகிறது.

கொரட்டூரில் மட்டுமல்ல, முகப்பேர், அம்பத்தூர், ஆவடி என்று எங்கும் இந்தப் பேச்சு நடக்கிறது. இதைப் படிக்கிற உங்கள் குடியிருப்புக்கும் பில்டர் வந்திருக்கலாம். சம்மதக் கடிதம் எல்லோரும் போட்ட பிறகு எதையும் சேர்க்க முடியாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன்பே, கையெழுத்துப் போடும் உரிமை இல்லாதவர்கள் உங்கள் வளாகத்தில் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி, அதை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லிக் கேளுங்கள்.