ஆயில் எப்படிக் கூடும்?

போன ஆனி மாதம் அடித்த காற்றில் எங்கள் பக்கம் கம்பி அறுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ராயப்பன்பட்டிப் பக்கம் என் மருமகனுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் உண்டு. கிணற்று மோட்டார் ஓடாததால், கொட்டகையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த பழைய டீசல் இன்ஜினை வெளியே எடுத்தார்.

இன்ஜின் உடனே கிளம்பிவிட்டது. கால் மணி நேரம் நன்றாக ஓடியது. பிறகு மூச்சு முட்டுகிறவர் மாதிரி இழுத்து இழுத்து நின்றது. கொஞ்ச நேரம் விட்டுச் சுற்றினால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். "பம்ப் போயிருச்சு மாமா. பெரிய செலவு வைக்கப் போகுது" என்றார் மருமகன்.

சின்னமனூரிலிருந்து வந்த மெக்கானிக் தம்பி பம்ப்பைத் தொடவே இல்லை. நேராக டேங்க் மூடியைப் பார்த்தார். பழைய மூடி தொலைந்துபோனதால், பாலிதீன் பையை மடித்து வைத்து ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தோம்.

"ஐயா, டீசல் கீழ இறங்கணும்னா மேல இருந்து காத்து உள்ள போகணும்ல? மூடியில அதுக்குத்தான் ஒரு ஓட்டை வச்சிருப்பாங்க. அதை அடைச்சா எப்படி?"

பையில் ஆணியால் ஒரு துளை போட்டார். இன்ஜின் சாயங்காலம் வரை நிற்கவில்லை.

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்துவதால் உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் தானாக நின்றால், முதலில் எண்ணெய் வரும் வழியைத்தான் சந்தேகப்பட வேண்டும். இதைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் ஜெர்மானியர், ஆனால் பிறந்தது பாரிஸில், 1858இல். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் அதை என்னவோ தன் சொந்தக்காரர் மாதிரி பெருமையாகச் சொல்வார்.

தோட்டத்து இன்ஜினில் டேங்க் மேலே இருக்கிறது, டீசல் தானாக இறங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, டேங்க் கீழே இருந்த ஓர் இன்ஜின் நினைவுக்கு வந்தது. அது ஒரு படகு இன்ஜின். ஐம்பது வருடமாக நான் யாரிடமும் சரியாகச் சொல்லாத கதை.

நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். 1970களின் நடுவில் அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அலுவலகத்துக்கு ஒரு லாஞ்ச் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்துப் படகு, இன்ஜினும் அந்தக் காலத்தது. அதன் டிரைவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் அவரிடமிருந்து ஒரு காகிதம் வந்தது: "இன்ஜினில் ஆயில் அளவு கூடுகிறது. ஃபீட் பம்ப் டயஃபிரம் மாற்ற வேண்டும்."

டயஃபிரம் என்பது உள்ளங்கை அளவு ரப்பர் தகடு. சில ரூபாய்ச் சமாச்சாரம். நான் கோப்பில் எழுதினேன்: "ஆயில் குறைவது வழக்கம். கூடுவது எப்படி? உரிய விளக்கத்துடன் மூன்று விலைப்புள்ளிகள் இணைத்து அனுப்பவும்." எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. தணிக்கையில் ஆட்சேபணை வராவிட்டால் நல்ல குமாஸ்தா என்று நினைத்த வயது. கோப்பு இரண்டு முறை போய்த் திரும்பியது.

ஐப்பசியில் ஒரு நாள் ஐந்து பேரோடு போன லாஞ்ச் இருட்டியும் திரும்பவில்லை. டிரைவரின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலுவலக வாசலுக்கு வந்தார். "தகவல் எதுவும் வந்துச்சா சார்?" அவ்வளவுதான் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அரசலாறு கடலில் சேரும் இடத்தில் எல்லோரும் காத்து நின்றோம். இரவு பத்து மணிக்கு இன்ஜின் சத்தம் கேட்டது. படகு மெல்ல ஊர்ந்து வந்தது. கேபின் கூரையில் ஒரு டீசல் கேன் கயிற்றால் கட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இன்ஜினுக்கு இறங்கியது.

மறுநாள் காலை டிரைவர் என்னைக் கூப்பிட்டார். "வாங்க சார், கூடுறதைக் காட்டுறேன்." ஆயில் பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். ஆயில் கோட்டுக்கு மேலே நின்றது. தண்ணீர் மாதிரி இளகி, டீசல் நாற்றம் அடித்தது.

அவர் சொன்னது இதுதான். படகில் டேங்க் அடியில் இருக்கும். டீசலை மேலே உறிஞ்சிக் கொடுப்பது ஃபீட் பம்ப். அதற்குள் இருக்கும் ரப்பர் தகடு கிழிந்தால் உறிஞ்சும் வேகம் குறையும், கசியும் டீசல் இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். அதனால்தான் ஆயில் கூடுகிறது. ஆயில் நீர்த்தால் பேரிங் தேயும். நடுக்கடலில் நின்றதும், டார்ச் வெளிச்சத்தில் டேங்க், குழாய், ஃபில்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும் என்பதால் இணைப்புகளில் கிரீஸ் அப்பிப் பார்த்திருக்கிறார். கடைசியில் பம்ப்பே வேண்டாம் என்று கேனை மேலே கட்டி, குழாயை ஃபில்டரில் சொருகி, திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றி, மெதுவாக ஓட்டி வந்துவிட்டார்.

என் குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மத்தியானம் என் மேசைக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தேன். இன்ஜினோடு வந்த புத்தகம் அடியில் கிடந்தது. முழுக்க பிரெஞ்சு. எங்கள் பிரிவில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். 'பொம்ப் தலிமாந்தசியோன்' என்ற தலைப்பின் கீழ், ஆயில் அளவு கூடினால் பம்ப்பின் மெம்ப்ரானைப் பார்க்கவும் என்று ஒரே வரி இருந்தது. எனக்குத் தெரிந்த மொழியில், என் முதுகுக்குப் பின்னால், அத்தனை நாளும் அந்த விளக்கம் இருந்திருக்கிறது. நானோ அதைப் பிரெஞ்சு தெரியாத மனிதரிடம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்றே குறிப்பு எழுதி, அதிகாரியிடம் நானே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கினேன். பழுது பார்க்கும் பக்கங்களைத் தமிழில் எழுதி இன்ஜின் அறையில் ஒட்டினேன். டிரைவர் அதைப் படித்துவிட்டு, "நல்லாருக்கு சார்" என்றார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் என் வாயிலிருந்து வரவில்லை. அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது.

2010இல் ஓய்வு பெறும்வரை, புரியாத கோப்பு வந்தால் பேனாவை எடுக்குமுன் அந்தப் பொருளைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். சில பேர் அதை வேலை செய்யாமல் ஊர் சுற்றுவது என்றார்கள்.

இப்போது தோட்டத்து இன்ஜின் டேங்க்கில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன்: "மூடித் துளையை அடைக்காதீர்." மருமகன் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும்.