உடனிருந்து பேணுவார்

பொதுத்தமிழ் வகுப்பில் திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ நடத்திக்கொண்டிருந்தோம். முதல் பாடவேளை. கடைசி இருக்கையில் மாணவர் ஒருவர் மேசைமேல் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். உணவின் அளவையும் உடலின் நலத்தையும் வள்ளுவர் எடுத்துரைக்கும் இடத்தில் இப்படியோர் உறக்கமா எனச் சினம் மூண்டது. அனைவர் முன்னிலையிலும் எழுப்பிக் கடிந்துகொண்டோம். அவர் மறுமொழி கூறாது தலைகுனிந்து நின்றார்.

வகுப்பு முடிந்தபின் துறைக்கு வந்தார். “மன்னியுங்கள் ஐயா. பரோட்டாக் கடையில் வேலை. கடையடைத்துக் கழுவிவிட்டு வீடு சேர இரவு ஒரு மணி ஆகிவிடுகிறது” என்றார். காலையில் உண்டாயா என வினவினோம். இல்லையெனத் தலையசைத்தார். தந்தையார் நோயுற்றபின் அவ்வூதியத்தில்தான் வீடு நடக்கிறதாம். ஓராண்டுக்கு மேல் நம்மிடம் பயின்றவர். இச்செய்தியை அன்றுதான் அறிந்தோம்.

அறிவுரை கூற நா எழவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நாமும் அவ்வாறே இருந்தோம். பகலில் தனிப்பயிற்சி நிலையத்தில் பாடம், இரவில் எம்.ஃபில். ஆய்வேடு. அப்பட்டத்தையே 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. அன்றோ அதற்காக உறக்கத்தை விற்றோம். தேநீரே இரவுணவு. “விளக்கை அணைத்துவிட்டுப் படு வாப்பா” என்று உம்மா நாள்தோறும் கெஞ்சுவார், செவிசாய்த்தோமில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கையில் கரும்பலகையின் முன் மயங்கி விழுந்தோம். மருத்துவர் நோயெதுவும் காணவில்லை. எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். வீடு திரும்பி ஏட்டைப் புரட்டினால், ஒரே மேற்கோள் மூன்றிடங்களில் இருந்தது. பின்னிரவில் எழுதிய பக்கங்களுள் பாதியை மீண்டும் எழுத நேர்ந்தது. மிச்சம் பிடித்ததாக எண்ணிய நேரமெல்லாம் இவ்வாறு கைநழுவிற்று.

வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேர உறக்கமேனும் வேண்டும் என்பர் மருத்துவர். பகலில் கற்றது நினைவில் வலுப்பெறுவதும் உறக்கத்தின்போதுதான். எனவே பணிபுரிந்து பயிலும் மாணவச் செல்வங்களே, உறங்கும் நேரத்தையும் படிக்கும் நேரமாகவே எண்ணுங்கள். காலையுணவைத் தவிர்க்காதீர்கள். விடுமுறை நாளில் சற்று நேரமேனும் பணியும் பாடமும் இன்றி நடந்துவாருங்கள். சுமை மிகுந்தால் ஆசிரியரிடம் கூறுங்கள். மனம் சோர்ந்து யாரிடமும் சொல்ல இயலாதபோது, நடுவணரசு 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

அம்மாணவர் பின்னர்க் கடை உரிமையாளரிடம் தம் நிலையை எடுத்துரைத்தார். தேர்வு நாள்களில் பத்து மணிக்கே அனுப்ப அவர் இசைந்தார். ஏனைய நாள்களில் பழைய நிலையே. இன்றும் சிலபோது வகுப்பில் கண்ணயர்கிறார். நாம் எழுப்புவதில்லை, தவறிய பாடத்தை மாலையில் துறைக்கு வந்து கேட்டுக்கொள்கிறார்.

அன்று நாம் நடத்திய அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன். நான்காமவரைப் பற்றிப் பல்லாண்டு பாடம் நடத்தியும், அவ்விடத்தில் நாம் நிற்கவேண்டும் என எண்ணியதில்லை. ஆசிரியப் பெருமக்கள் கடிந்துகொள்ளுமுன் காரணம் கேட்பார்களாக. கல்விக் கட்டணம் செலுத்தி உதவும் சமுதாயப் பெரியோர், அப்பிள்ளை காலையில் உண்டதா என்றும் ஒரு சொல் கேட்பார்களாக.