நின்ற வண்டியும் ஓடிய மனமும்

பாலக்காடு ஜங்ஷனில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நான், ரயிலைப் பற்றி நான் அறியாதது ஒன்றுமில்லை என்று எண்ணியிருந்தவன். அவ்வெண்ணம் பிழை என்பதை என் தாயார் உணர்த்தினார்.

மூணாறுத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர் அவர். இடுக்கி ஜில்லாவில் ரயில் கிடையாது. ஆகவே ரயில் பிரயாணம் அவருக்குப் பழக்கமில்லை. சென்ற ஆண்டு உறவினர் திருமணத்துக்காக அவரைக் கோயமுத்தூருக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. வண்டியில் அமர்த்திவிட்டுத் தண்ணீர் வாங்க இறங்கினேன். அடுத்த தண்டவாளத்தில் நின்ற வண்டி அச்சமயம் ஷோரனூர்ப் பக்கமாக மெல்ல நகர்ந்தது. ஜன்னல் வழியே அதைக் கண்ட தாயார், தம் வண்டிதான் கிளம்பிவிட்டது, மகன் பின்தங்கிவிட்டான் என்று பதறி, வாசலுக்கு ஓடிக் கீழே குதித்தார். மணிக்கட்டு முறிந்தது.

“நின்ற வண்டியிலிருந்து யாராவது குதிப்பார்களா, அம்மா?” என்று பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன்.

“வண்டி ஓடிச்சு தம்பி, என் உடம்புக்குத் தெரிஞ்சுது” என்றார். நான் நம்பவில்லை.

பின்னர்ப் படித்தறிந்தது இது. நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. அவற்றிலுள்ள திரவம் தலை திரும்புவதை உணர்த்தும். அருகே இரு சிறு பைகளில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உள்ளன. நேர்ப்பாதையில் வேகம் கூடுவதையும் குறைவதையும் அவை அறிவிக்கும். வேகம் மாறாமல் சீராகச் செல்லும்போது செவி மௌனமாகிவிடும். மிக மெல்லக் கிளம்பினாலும் அப்படியே. அப்போது மூளை கண்ணையே நம்புகிறது. ஜன்னலில் தெரிவதெல்லாம் நகர்ந்தால், நாமே நகர்கிறோம் என்று தீர்ப்பளிக்கிறது. பெரும்பாலும் அது சரியே. பக்கத்து வண்டி நகரும்போதுதான் பிசகிவிடுகிறது.

ரயில் வளைவில் திரும்புகையில் மரங்களும் வீடுகளும் சாய்ந்து தோன்றியதைக் கண்ட எர்னஸ்ட் மாக் என்னும் அறிஞர், 1875-ஆம் ஆண்டில் இத்தகைய உணர்வுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். போடிமெட்டு வளைவுகளில் பஸ்ஸில் குமட்டுவதும் இவ்வினத்ததே. திரும்புகிறோம் என்று செவி சொல்கிறது. பஸ்ஸுக்குள்ளேயே பார்த்திருக்கும் கண் இல்லை என்கிறது. வெளியே தூரத்து மலையைப் பார்த்தால் பிணக்கு தணியும்.

ஆகவே அன்பர்களே, வண்டியில் ஐயம் எழுந்தால் பிளாட்பாரத்துத் தூணைப் பாருங்கள். அதுவே அசையாத சாட்சி. மலையிலிருந்து வரும் பெரியவர்களுக்கு இதை முன்னரே சொல்லிவையுங்கள்.

தாயாரிடம் இவற்றை விளக்கி மன்னிப்புக் கேட்டேன். “நான் சொன்னப்ப நம்பலை, புத்தகம் சொன்னா நம்புறியா?” என்று சிரித்தார். கை கூடிவிட்டது. ஆயினும் மறுபடி ரயில் ஏற அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.