தீயினூடே ஒரு வணக்கம்

சிறுவனாக இருந்தபோது போர் வானூர்திகளின் படங்களை வெட்டி ஏட்டில் ஒட்டி வைப்பது என் வழக்கம். அவற்றுள் லங்காஸ்டர் என்னும் ஆங்கிலேயக் குண்டுவீச்சு வானூர்தியே எனக்கு மிகவும் பிடித்தமானது. நான்கு இயந்திரங்கள், 31 மீட்டர் இறக்கை அகலம் என யாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வேன். அதனுள் எழுவர் அமர்ந்திருந்தனர் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை.

அத்தகைய எழுவருள் ஒருவரைப் பின்னாளில் நூல்வழி அறிந்தேன். அவர் பெயர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. 1916ஆம் ஆண்டு கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்தவர். பெற்றோர் போலந்திலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள். வீட்டில் ஒரு மொழி, வீதியில் வேறொரு மொழி. அந்த வாழ்வை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தந்தை மறைந்தபின் குடும்பத்தைத் தாங்கத் தோலாடைத் தொழிலுக்குச் சென்றார். 1941இல் வான்படையில் சேர்ந்தார்.

1944 ஜூன் 12ஆம் நாள் இரவு. நேச நாட்டுப் படைகள் பிரான்சின் கரையில் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. கம்ப்ரே நகரின் இரயில் நிலையத்தைத் தாக்க இவர்களின் வானூர்தி புறப்பட வேண்டும். ஆண்ட்ரூ நடுப்பகுதியின் மேற்கூண்டில் இருந்த துப்பாக்கி வீரர். வாலிலுள்ள கூண்டில் அவர் நண்பர் பேட் பிரோஃபி. புறப்படுமுன் புல்தரையில் நான்கிலைக் குளோவர் ஒன்று ஆண்ட்ரூவின் கண்ணில் பட்டது. மேலைநாட்டார் அதனை நற்பேற்றின் அடையாளமாகக் கொள்வர். அதனைப் பறித்து நண்பரிடம் கொடுத்தார்.

பிரான்சின் வானில் செர்மானியப் போர் வானூர்தி சுட்டது. இடப்புற இயந்திரங்கள் இரண்டும் செயலிழந்தன, தீ மூண்டது. அனைவரையும் குதிக்குமாறு வானோட்டி ஆணையிட்டார். வெளியேறும் வாயிலை அடைந்த ஆண்ட்ரூ திரும்பிப் பார்த்தார். தீக்கு அப்பால் வாற்கூண்டு அசையாமல் இறுகி நிற்க, உள்ளே நண்பர் சிக்கியிருந்தார். ஆண்ட்ரூ தீயினூடே தவழ்ந்து சென்றார். கோடரியால் கூண்டை நெம்பினார். பிறகு வெறுங்கையால் பிடித்திழுத்தார். அவர் ஆடை எரிந்துகொண்டிருந்தது. "போய்விடு!" எனக் கையசைத்துக் கத்தினார் பிரோஃபி. நண்பரைப் பார்த்தவாறே பின்னோக்கித் தவழ்ந்த ஆண்ட்ரூ, வாயிலில் எழுந்து நின்று நிமிர்ந்து வணக்கம் வைத்தார். ஏதோ சொன்னார். இரவில் பிரியும்போது விளையாட்டாகச் சொல்லும் "நல்லிரவு, ஐயா" என்பதே அது என்று பிரோஃபி நம்பினார்.

எரியும் வான்குடையுடன் குதித்த ஆண்ட்ரூ தீப்புண்களால் இறந்தார். அகவை 27. தரையில் மோதிய வானூர்தியிலிருந்து தூக்கி எறியப்பட்ட பிரோஃபியோ உயிர் பிழைத்தார்! மற்ற ஐவரும் பிழைத்தனர்.

சாவது உறுதி என்றிருந்தவர் பிழைத்ததால்தான் நமக்கு இக்கதை கிடைத்தது. அந்த வணக்கத்தைக் கண்டவர் வேறு எவருமில்லை. அப்போரில் பிரித்தானியக் குண்டுவீச்சுப் பிரிவில் மட்டும் 55,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் எத்தனை பேரின் கடைசி நொடிகள் சாட்சியின்றிப் போயினவோ! அவர்கள் வீசிய குண்டுகளால் கீழே மடிந்த மக்களையும் நான் மறக்கவில்லை, அவர்களுக்கும் சாட்சியில்லை.

பிரோஃபி கண்டதைச் சொன்னார். 1946இல் ஆண்ட்ரூவுக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. வின்னிபெக்கில் ஒரு பள்ளி அவர் பெயரைத் தாங்கியுள்ளது. கனடாவின் ஹாமில்டன் நகர அருங்காட்சியகத்தில், அவர் வானூர்தியின் எழுத்துகளைத் தாங்கிய லங்காஸ்டர் ஒன்று உள்ளது. அண்மையில் அதன் படம் எனக்குக் கிடைத்தது. இம்முறை என் கண் முதலில் சென்றது வாலிலிருந்த அச்சிறு கூண்டுக்கே.