நெய்த்தோர்பட்டியும் கால் பங்கும்

எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது என்பதை நண்பர்கள் அறிவர். அவற்றுள் எடுத்தனூர்க் கல்லை ஆண்டுதோறும் முதுகலை வகுப்பில் நடத்துகிறேன். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அக்கல். ஆநிரைப் பூசலில் பட்ட வீரனைச் சொல்வதோடு நில்லாமல், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனது நாயின் பெயர் கோவிவன் என்பதையும் அது பதிந்து வைத்திருக்கிறது. கல் நடுவதோடு அக்காலத்தவர் கடமை முடிந்துவிடவில்லை. போரில் மாய்ந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விட்டனர். அந்நிலத்துக்குக் கல்வெட்டுகளில் நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்று பெயர். நெய்த்தோர் என்றால் குருதி. இன்றைய குடும்ப ஓய்வூதியத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை.

ஆனால் இன்றைய நெய்த்தோர்பட்டி கல்லில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. அண்மைக்காலமாகக் கணினியில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றியவரின் பதிவுகள் நீலகிரியின் வெலிங்டனில் உள்ளன. ஓய்வூதிய ஆணை பிரயாக்ராஜிலிருந்து வருகிறது. ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ்சான்றும் ஸ்பர்ஷ் எனும் இணைய ஏற்பாட்டுக்குள் போய்விட்டது. வெலிங்டனுக்கும் பிரயாக்ராஜுக்கும் நடுவே, ஜவ்வாது மலையடிவாரச் சிற்றூரில், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த ஒரு மூதாட்டி. இந்த இடைவெளியில்தான் தரகன் கடை விரிக்கிறான்.

என் மாணவன் ஒருவனின் பாட்டிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தாத்தா சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மறைந்த பின் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. காரணம், படைப்பதிவில் பாட்டியின் பெயரில் ஒரு மெய்யெழுத்துக் குறைந்து, இறுதி ளகரமும் உதிர்ந்திருந்தது. ஆதார் அட்டையில் இரண்டும் இருந்தன. நாம் மதிப்பெண் குறைக்கும் அளவுப் பிழைதான், ஆனால் அதற்காக இரண்டாண்டுச் சோறு நின்றுபோயிற்று. உதவ வந்த ஒருவர், நிலுவை வந்ததும் கால் பங்கு தனக்கு என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், நிரப்பாத காசோலைகள் இரண்டையும் சேர்த்தே வாங்கியிருந்தார்.

தாளின் நகலை மாணவன் கொண்டுவந்தான். நான் வீட்டுக்குச் சென்று, "ஏம்மா, இவ்வளவு பெரிய தொகையா?" என்று கேட்டேன். அவர் சொன்னது: "தெரியுஞ் சார். அவரு இல்லாட்டி எனக்கு யாரு எழுதுவாங்க?"

இந்தக் கேள்விதான் இக்கட்டுரையை எழுத வைத்தது. அவர் ஏமாளி அல்லர், விலை அறிந்தே கொடுத்தார். தரகர் விற்றது செல்வாக்கை அன்று, எழுத்தை. விண்ணப்பம் எழுதத் தெரிந்த நாம் யாரும் அந்தத் திண்ணையில் உட்காராததால் அந்த எழுத்துக்கு அவ்வளவு விலை ஏறியது.

சட்டம் இவர்களைக் கைவிடவில்லை. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், 12ஆம் பிரிவு, இனி வரவேண்டிய ஓய்வூதியப் பணத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்கிறது. வழக்கறிஞர்களும் வழக்கின் வெற்றியில் பங்கு பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி எந்தப் பெண்ணும், வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவி பெறலாம். படைவீரர் குடும்பங்களுக்கென்றே வீர் பரிவார் சகாயதா என்னும் திட்டத்தைத் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் தொடங்கியது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பத்தை அனுப்பி வைக்கக் கட்டணம் ஏதுமில்லை.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போதே ஓய்வூதிய முகவர்கள் வீரர்களின் விதவைகளை மொய்த்தனர். 1862இல் அவர்களது கூலிக்கு 5 டாலர் என்றும், 1864இல் 10 டாலர் என்றும் அந்நாடு வரம்பு கட்டியது. அந்தப் பத்து டாலர் வரம்பு 1988 வரை நீடித்தது. இன்றோ அங்கே அரசின் ஏற்புப் பெறாத நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான டாலர் கறக்கின்றன. அவற்றைச் சுறாக்கள் என்கிறார்கள்.

பாட்டியின் காரியம் முடிய எட்டு மாதமாயிற்று. பெயர்த் திருத்தத்துக்கான உறுதிமொழிப் பத்திரத்துடன் நல அலுவலகத்துக்கு மூன்று நடை. டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தரகர் எளிதில் தரவில்லை. 12ஆம் பிரிவைத் தமிழில் எழுதிப் பேரன் படித்துக் காட்டிய பிறகே, காசோலைகளோடு திரும்பி வந்தது. நிலுவை முழுவதும் பாட்டியின் கணக்கில் சேர்ந்தது. திருத்திய ஆணையில் தன் பெயரைப் பேரனை எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லி, இறுதி ளகரம் வந்ததும் தலையசைத்தார்.

நண்பர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் தெருவிலும் ஓர் ஓய்வுபெற்ற சிப்பாயோ அவர் மனைவியோ இருப்பார். பெயரும் பிறந்த நாளும் ஆதாரிலும் ஓய்வூதிய ஆணையிலும் ஒன்றாக உள்ளனவா என்று, சிப்பாய் உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை பார்த்துக் கொடுங்கள். பிழை இருந்தால் அவரே விண்ணப்பித்துத் திருத்துவது எளிது. மூல ஆவணத்தையும், ஏ.டி.எம். அட்டையையும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் எவரிடமும் தர வேண்டாம் என்று சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. தமிழ் படித்தவனால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இப்போது என்னிடம் ஒரு விடை இருக்கிறது.