சுவர்ப் பக்கம்

பொன்மலை ரெயில்வே தொழிற்சாலையின் சங்கு ஊருக்கெல்லாம் கடிகாரம். எனக்கோ, அதைக் கேட்டால் ஒரு பூச்சியின் ஞாபகம் வரும்.

இரவு ஷிப்டுக்குச் சங்கு ஊதி, அப்பா கிளம்பிப் போன பிறகுதான் அந்த ஆசாமி வருவார். நாங்கள் குடியிருந்தது ஒரு பழைய ஓட்டு வீடு. ஓட்டுக்கடியில் எலிகள்; எலிகளோடு ஒட்டுக்குடித்தனமாக இவர். முக்கால் அங்குலத்துக்கு மேல் நீளம், கறுத்த உடம்பு, ஓரமெல்லாம் செம்மஞ்சள் கரை. கரை வேஷ்டி கட்டிய மிராசுதார்தான்! "பெரிய மூட்டை" என்போம். விளக்கைப் போட்டதும் சுவர் வெடிப்புக்குள் மறைந்துவிடுவார்.

"விளக்கை அணைக்காதே, அம்மா!" என்று நான் அழுவேன்.

"விளக்கு எரிஞ்சா வெளியிலே இருக்கிறதும் வந்துடும். பேசாமல் தூங்குடா" என்பாள் அம்மா.

வெளிச்சத்துக்குப் பயப்படுகிறது வெளிச்சத்தைத் தேடி வருமா? அம்மா மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறாள் என்றே நினைத்தேன்.

வெகுகாலம் கழித்துப் படித்தபோதுதான் இரண்டும் உண்மை என்று தெரிந்தது. இந்த இனத்துப் பூச்சிகளில் பலவும் பசித்தால் இரவில் விளக்கை நாடிப் பறந்து வரும். வீட்டுக்குள் புகுந்துவிட்டாலோ வெளிச்சம் ஆகாது, இடுக்கில் பதுங்கும். இருட்டில் அதற்கு வழிகாட்டுவது நம் உடம்புச் சூடும், நாம் விடும் மூச்சும்தான்.

பிரேஸிலில் ரெயில் பாதை போட்டவர்களிடையே மலேரியாவைத் தடுக்கப் போனார் டாக்டர் கார்லோஸ் சாகஸ். இதே குடும்பத்துப் பூச்சி ஒன்று மனிதருக்கு ஒரு நோயைப் பரப்புவதை 1909-ல் அங்கே கண்டுபிடித்தார். பல வருஷம் கழித்து இருதயத்தையே கெடுக்கக்கூடிய நோய். கிருமி இருப்பது பூச்சியின் எச்சத்தில்; கடிவாயைச் சொறியும்போது உள்ளே போகிறது. அதே 1909-ல் சென்னையில் டாக்டர் டொனோவன், நம்மூர்ப் பூச்சிக்குள் அதற்கு உறவான வேறொரு கிருமியைக் கண்டார். நல்ல வேளை, அது எலிகளிடம் வாழ்கிற கிருமி. பிரேஸில் நோய் நம்மூரில் வேரூன்றவில்லை.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் பாய் விரித்ததும் எங்களை உள்ளே தள்ளிவிட்டு, வெடிப்பு விட்ட சுவர்ப் பக்கம் அவள் படுத்துக்கொள்வாள். காலையில் அவள் கையெல்லாம் தடித்திருக்கும். கேட்டால், "எனக்கு உஷ்ண உடம்புடா. சுவர்ப் பக்கம்தான் குளிர்ச்சி" என்பாள். நானும் நம்பினேன்.

வெடிப்பிலிருந்து இறங்கும் பூச்சிக்கு முதலில் எட்டியது யாருடைய சூடு, யாருடைய மூச்சு என்பது இப்போது புரிகிறது. அவளிடம் சொல்லத்தான் அவள் இல்லை.

வெளியூரில் எந்த அறையில் தங்கினாலும் நான் சுவர்ப் பக்கம்தான் படுக்கிறேன். "ஏன் அப்பா?" என்று கேட்கிறாள் என் பெண்.

"எனக்கு உஷ்ண உடம்பு, அம்மா" என்கிறேன்.